போட்டி ஆணையம் ஆவணம் கேட்டால்: எதைக் கொடுக்க வேண்டும், எங்கே நிறுத்தலாம்

அமெரிக்காவில் அதிமதுரப் பசை தயாரித்த கம்பெனி ஒன்று இருந்தது. புகையிலையில் சேர்க்கும் பசை அது. போட்டிச் சட்டத்தின் (கம்பெனிகள் கூடிப் பேசி விலை ஏற்றுவது போன்றவற்றைத் தடுக்கும் சட்டம்) கீழ் விசாரணை வந்தபோது அதன் செயலாளர் ஹேலுக்குச் சம்மன் போயிற்று. கம்பெனி தொடங்கிய நாள் முதல் ஆறு கம்பெனிகளோடு செய்த ஒப்பந்தம், கடிதம், கணக்கு எல்லாம் வேண்டும். போதாததற்கு ஏழு மாநிலங்களில் உள்ள ஒரு டஜனுக்கும் மேற்பட்ட கம்பெனிகளிடமிருந்து வந்த கடிதங்கள் அத்தனையும் வேண்டும். ஹேல் காகிதமும் தரவில்லை, கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை. 1906-ல் உச்ச நீதிமன்றம், சம்மன் அளவுக்கு மீறி அகலமானது, இவ்வளவையும் தூக்கிக் கொடுத்தால் வியாபாரமே நின்றுவிடும் என்று ஒப்புக்கொண்டது. ஆனாலும் ஹேல் தோற்றார். சம்மன் அகலமாக இருந்தது சரி, கேள்விக்கு வாய் திறக்க மறுத்தது ஏன் என்று கேட்டு, அவர் மீதான நீதிமன்ற அவமதிப்பு உத்தரவை அப்படியே உறுதிசெய்துவிட்டார்கள்.

நூறு ஆண்டு கழிந்தும் கதை பெரிதாக மாறவில்லை. போட்டிச் சட்டத்தை அமல்படுத்தும் ஆணையத்தின் அதிகாரத்துக்கு எல்லை உண்டு. ஆனால் "தர முடியாது" என்று கதவைச் சாத்துபவருக்கு அந்த எல்லை உதவாது. எந்த வரி அதிகம், ஏன் அதிகம், அதற்குப் பதிலாக எதை எப்போது தருகிறேன் என்று எழுதிக் கேட்பவருக்குத்தான் உதவும். கீழே உள்ளது அப்படிக் கேட்பதற்கான வழிமுறை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் வக்கீல் சொல்வதை மீறி இதைப் பின்பற்ற வேண்டாம்.

படி 1: வந்திருப்பது என்ன காகிதம்?

உறையைப் பிரித்ததும் முதலில் பார்க்க வேண்டியது எத்தனை கேள்வி என்பதல்ல, எந்தச் சட்டப் பிரிவின் கீழ் கேட்டிருக்கிறார்கள் என்பது. உங்களுக்கு என்ன கடமை, எவ்வளவு நாள், எங்கே முறையிடலாம் என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

ஐரோப்பிய ஆணையம் இரண்டு விதமாகக் கேட்கும். 2003-ஆம் ஆண்டின் 1-ஆம் எண் ஒழுங்குமுறை, 18-ஆம் பிரிவின் கீழ் சாதாரணக் கோரிக்கை ஒன்று; முடிவு என்ற பெயரில் வரும் உத்தரவு இன்னொன்று. சாதாரணக் கோரிக்கைக்குப் பதில் சொல்லாவிட்டால் அபராதம் இல்லை. ஆனால் பதில் சொல்லி, அது தவறாக இருந்தால் அபராதம் உண்டு. உத்தரவாக வந்தால் சும்மா இருக்க முடியாது. மொத்த விற்றுமுதலில் 1 சதவீதம் வரை அபராதமும், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் சராசரி தினசரி விற்றுமுதலில் 5 சதவீதம் வரை தண்டமும் விழலாம். அமெரிக்க நீதித் துறை 1962-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் சிவில் விசாரணைக் கோரிக்கை அனுப்பும். பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 26-ஆம் பிரிவு நோட்டீஸ் வரும். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், சம்மன் அனுப்பவும் ஆவணம் வரவழைக்கவும் ஒரு சிவில் நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை ஆணையத்துக்குக் கொடுக்கிறது. ஆணையத்துக்காக விசாரணை நடத்தும் தலைமை இயக்குநர் அதே அதிகாரத்தோடு விசாரிக்கிறார். கனடாவில் ஆணையர் நீதிபதியிடம் போய் உத்தரவு வாங்கிக்கொண்டு வர வேண்டும்.

நோட்டீஸ் யார் பெயருக்கு, எந்தத் தேதியில் கைக்கு வந்தது என்று அன்றே குறித்து வையுங்கள். நாள் கணக்கு அங்கிருந்துதான் ஓடும்.

படி 2: அன்றே அழிப்பை நிறுத்துங்கள்

எல்லையைப் பற்றி வாதாடும் தகுதியே இந்தப் படியில்தான் தங்கும் அல்லது போகும். இமெயில் தானாக அழியும் அமைப்பை ஐ.டி. ஆட்களிடம் சொல்லி நிறுத்துங்கள். போன் மாற்றுவது, லேப்டாப்பைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுப்பது, மறையும் மெசேஜ் வசதி எல்லாம் நிற்க வேண்டும். சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுத்தில் அறிவிப்பு போக வேண்டும், வாய்ச்சொல் போதாது.

2024 ஜூனில், வாசனைப் பொருள் தயாரிக்கும் இன்டர்நேஷனல் ஃப்ளேவர்ஸ் அண்ட் ஃப்ராக்ரன்சஸ் கம்பெனிக்கு ஐரோப்பிய ஆணையம் 1.59 கோடி யூரோ அபராதம் போட்டது. சோதனைக்கு ஆட்கள் வந்திருந்தபோது, மூத்த ஊழியர் ஒருவர் போட்டிக் கம்பெனியோடு பேசிய வாட்ஸ்அப் செய்திகளை அழித்துவிட்டார். கம்பெனி ஒத்துழைத்ததால் பாதி குறைத்த பிறகு வந்த தொகை இது. அதற்கு முன்பே, 2008-ல், ஆணையம் ஒட்டிய சீல் பிரிந்திருந்ததற்காக இ.ஆன் என்ற ஜெர்மன் மின்சாரக் கம்பெனிக்கு 3.8 கோடி யூரோ. இரண்டிலும் கார்ட்டெல் (போட்டியாளர்கள் கூடிச் செய்யும் ரகசிய ஒப்பந்தம்) இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கே யாரும் போகவில்லை.

படி 3: நோக்கம் சொல்லும் பத்தியைத் தனியே எடுத்து வையுங்கள்

நோட்டீஸில் இருபது பக்கம் பட்டியல் இருக்கலாம். என் பார்வையில் முக்கியமானது முதல் இரண்டு பக்கத்துக்குள் இருக்கும் ஒரு பத்தி: எதைச் சந்தேகித்து இதைக் கேட்கிறார்கள் என்று சொல்வது. எந்தப் பொருள், எந்தச் சந்தை, எந்தக் காலம், என்ன மாதிரியான தவறு? உங்கள் எல்லை அந்தப் பத்திக்குள்தான் எழுதியிருக்கிறது. ஆணையம் கேட்பது அந்தச் சந்தேகத்தோடு பொருந்த வேண்டும்.

பத்தி மழுப்பலாக இருந்தால் அதுவே ஒரு வாதம். ஹைடெல்பெர்க் சிமென்ட் வழக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆணையம் 2008-ல் சோதனை போட்டு, இரண்டு ஆண்டுக்கும் மேல் விசாரித்து, 2011-ல் எக்கச்சக்கமான கேள்விகளை உத்தரவாக அனுப்பியது. ஆனால் என்ன சந்தேகம் என்று சொன்ன இடத்தில் பொதுப்படையாக, எந்த நாட்டுக்கும் எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற மாதிரி எழுதியிருந்தது. 2016 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. விசாரணை இவ்வளவு தூரம் போன பிறகும் சந்தேகத்தைத் தெளிவாகச் சொல்ல முடியாதா என்பதுதான் சாரம். விசாரணையின் முதல் நாளில் மங்கலாக இருந்தால் மன்னிப்பார்கள். மூன்றாம் ஆண்டில் மன்னிக்க மாட்டார்கள்.

நெக்சன்ஸ் வழக்கில் பத்தி மங்கலாக இல்லை, அகலமாக இருந்தது. மின் கேபிள் எல்லாவற்றையும் சோதிக்க உத்தரவு போட்டிருந்தார்கள். கையில் இருந்த தடயமோ கடலடியிலும் நிலத்தடியிலும் போடும் உயர் அழுத்தக் கேபிள் பற்றி மட்டும். 2012-ல் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் மீதியை வெட்டிவிட்டது.

ஆனால் அமெரிக்காவில் இந்த வாதம் அவ்வளவு தூரம் ஓடாது. 1924-ல் அமெரிக்கன் டொபாக்கோ வழக்கில் நீதிபதி ஹோம்ஸ், ஏதாவது சிக்குமா என்று தனியார் காகிதத்துக்குள் வலை வீசக் கூடாது என்று கடுமையாக எழுதினார். அந்த வரியை இன்றும் எல்லா ஆட்சேப மனுவிலும் பார்க்கலாம். ஆனால் 1950-ல் வந்த மார்ட்டன் சால்ட் தீர்ப்பு அதன் பல்லைப் பிடுங்கிவிட்டது. கேட்பது அமைப்பின் அதிகாரத்துக்குள் இருக்க வேண்டும், ரொம்பவும் மங்கலாக இருக்கக் கூடாது, விஷயத்தோடு நியாயமான தொடர்பு வேண்டும். மூன்றும் இருந்தால் போதும். வெறும் ஆர்வத்தால் கேட்டிருந்தாலும் பரவாயில்லை என்கிற அளவுக்குப் போனது அந்தத் தீர்ப்பு. ஹோம்ஸை மேற்கோள் காட்டிவிட்டு மார்ட்டன் சால்ட்டைப் பற்றிப் பேசாத மனுவைப் பார்த்தால், எழுதியவர் பாதிதான் படித்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

படி 4: வரிக்கு வரி பேரம் பேசுங்கள்

உண்மையில் எல்லை தீர்மானமாவது நீதிமன்றத்தில் அல்ல, விசாரணை அதிகாரியோடு நடக்கும் போன் பேச்சிலும் அதைத் தொடர்ந்து போகும் கடிதத்திலும்தான். ஒரு கற்பனை நோட்டீஸை எடுத்துக்கொள்வோம். அட்டைப்பெட்டி செய்யும் கம்பெனி. 2-ஆம் பத்தியில் உள்ள சந்தேகம்: 2019 முதல் 2022 வரை, ஐந்தடுக்குப் பெட்டியின் விலையைப் போட்டியாளர்கள் நால்வரோடு பேசி உயர்த்தினார்கள். பட்டியலின் 7-ஆம் வரி இப்படி:

"2014 ஜனவரி முதல் இன்று வரை விலை தொடர்பாக உங்கள் ஊழியர்கள் அனுப்பிய, பெற்ற தகவல்கள் அனைத்தும்."

ஒவ்வொரு சொல்லாக உரியுங்கள். "2014 முதல்": சந்தேகமே 2019-ல்தான் தொடங்குகிறது. முன்பு விலை எப்படி இருந்தது என்று ஒப்பிட ஓரிரு ஆண்டு கேட்பது நியாயம், ஐந்தாண்டு எதற்கு? "ஊழியர்கள்": விலை நிர்ணயிப்பவர்கள் ஏழு பேர், கிடங்கில் பசை காய்ச்சுபவரின் போன் எதற்கு? "விலை தொடர்பாக": வியாபாரத்தில் விலை தொடாத கடிதம் எது? கேன்டீன் டீ விலையும் இதில் வரும். "அனைத்தும்": இந்தச் சொல்லைப் பார்த்தாலே பேனாவை எடுங்கள்.

இப்போது பதில். "கேட்பது மிக அதிகம், சுமை தாங்க முடியாது" என்று எழுதினால் அதிகாரி கோப்பில் போட்டு மூடிவிடுவார். இப்படி எழுதிப் பாருங்கள்:

"7-ஆம் வரியின் கீழ் வரக்கூடியவற்றை எண்ணினோம். 41 பேரின் அஞ்சல் பெட்டிகளில் 11 லட்சம் இமெயில். 'விலை' என்ற சொல் உள்ளவை 3,80,000. இவற்றில் பெரும்பாலானவை வாடிக்கையாளருக்குப் போன கொட்டேஷன்கள். நோட்டீஸின் 2-ஆம் பத்தியை வைத்துப் பார்த்தால், ஐந்தடுக்குப் பெட்டியின் விலையை நிர்ணயிப்பவர்கள் இணைப்பில் உள்ள ஏழு பேர். அவர்களின் 2018 முதல் 2022 வரையிலான இமெயில், போன் செய்திகளை, நான்கு போட்டியாளர்களின் பெயர், இமெயில் முகவரி ஆகியவற்றை வைத்துத் தேடி மூன்று வாரத்தில் தருகிறோம். அதைப் பார்த்த பிறகு மேலும் தேவைப்பட்டால் பேசலாம்."

வித்தியாசம் தெரிகிறதா? எண் இருக்கிறது, காரணம் இருக்கிறது, அவர்களுடைய பத்தியே ஆதாரமாக நிற்கிறது, கையில் ஏதோ ஒன்று சீக்கிரம் கிடைக்கப்போகிறது. அதிகாரிக்கும் 11 லட்சம் இமெயிலைப் படிக்க ஆசை கிடையாது. ஒப்புக்கொண்டது எதுவானாலும் எழுத்தில் வாங்குங்கள். போனில் "சரி, பார்க்கலாம்" என்று சொன்ன அதிகாரி அடுத்த மாதம் இடம் மாறிப் போயிருப்பார்.

தேடுசொல் பட்டியல் வந்தால் இன்னும் கவனம். ஃபேஸ்புக்கிடம் ஐரோப்பிய ஆணையம் கொடுத்த சொற்களில் 'பெரிய கேள்வி', 'மூடு', 'நமக்கு நல்லதல்ல' என்ற பொருள் தரும் சாதாரணத் தொடர்களும் இருந்ததாக அந்தக் கம்பெனி புகார் சொன்னது. ஊழியரின் மருத்துவத் தகவல், குடும்பப் பேச்சு எல்லாம் வலையில் விழும் என்பது அதன் வாதம். 2020 அக்டோபரில் இடைக்காலமாக ஒரு வழி பிறந்தது: தனிப்பட்ட தகவல் உள்ளவற்றைத் தனி டேட்டா அறையில் வைத்து, ஃபேஸ்புக் வக்கீல்கள் முன்னிலையில், ஒரு சில அதிகாரிகள் மட்டும் பார்ப்பது. ஆனால் 2023 மே மாதத் தீர்ப்பில் கம்பெனி தோற்றது. மொத்தமாகப் பட்டியலே அநியாயம் என்ற வாதத்தை நீதிமன்றம் ஏற்கவில்லை. எந்தச் சொல் தவறு என்று குறிப்பாகச் சொன்னவற்றை மட்டும் பரிசீலித்தது. வரிக்கு வரி என்று மேலே சொன்னது இதனால்தான்.

படி 5: வக்கீல் கடிதங்களைப் பிரியுங்கள்

சட்ட ஆலோசனைக்காக வக்கீலோடு நடந்த கடிதப் போக்குவரத்துக்குப் பாதுகாப்பு உண்டு. எந்த வக்கீல் என்பதில்தான் சிக்கல்.

ஐரோப்பிய ஆணையத்தின் முன் வெளி வக்கீல் மட்டும்தான். 1982-ல் ஏஎம்அண்ட்எஸ் வழக்கு இதை நிறுவியது: ஆலோசனை தற்காப்புக்காக இருக்க வேண்டும், வக்கீல் சுதந்திரமானவராக, ஐரோப்பிய உறுப்பு நாடு ஒன்றில் பதிவு செய்தவராக இருக்க வேண்டும். 2003-ல் அக்சோ நோபல் குழுமத்தின் பிரிட்டிஷ் அலுவலகத்தில் நடந்த சோதனையில், மேலாளருக்கும் கம்பெனியின் சொந்தச் சட்ட அலுவலருக்கும் நடுவே போன இரண்டே இரண்டு இமெயில்கள் சிக்கின. அலுவலர் நெதர்லாந்தில் முறைப்படி பதிவு செய்த வக்கீல். ஏழு ஆண்டு வழக்கு நடந்து 2010-ல் முடிவு வந்தது: சம்பளம் வாங்குபவர் கம்பெனியிலிருந்து சுதந்திரமானவர் அல்ல, பாதுகாப்பு இல்லை. அமெரிக்காவில் நேர் எதிர். 1981-ன் அப்ஜான் தீர்ப்பின்படி, சொந்தச் சட்ட அலுவலர் ஊழியர்களிடம் கேட்டு வாங்கிய பதில்களுக்கும் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் முழுநேரச் சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர் வக்கீலாகத் தொழில் செய்ய முடியாது என்பது வக்கீல் சங்க விதி; அவரோடு போன கடிதத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும் என்று நம்பி எழுதாதீர்கள். ஒரே இமெயில் ஒரு நாட்டில் பூட்டுக்குள்ளும் இன்னொரு நாட்டில் மேசை மீதும் இருக்கும்.

நடைமுறையில் ஒரு பட்டியல் போடுங்கள்: தேதி, யார் யாருக்கு, எதைப் பற்றி என்று ஒரு வரி, எந்த அடிப்படையில் நிறுத்துகிறோம். வக்கீலுக்கு நகல் போனதாலேயே கடிதம் ரகசியமாகிவிடாது. எல்லா இமெயிலிலும் வக்கீல் பெயரைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கும் மேலாளர்கள் எங்கும் உண்டு; அப்படிப்பட்ட பட்டியலைப் பார்த்த அதிகாரி உண்மையான ரகசியத்தையும் நம்ப மாட்டார். சோதனைக்கு வந்தவர்களோடு ஒரு காகிதத்தில் தகராறு வந்தால், உறையில் போட்டு சீல் வைத்து நீதிமன்றம் தீர்மானிக்கட்டும் என்று கேளுங்கள்.

அஞ்சல் பெட்டியை மொத்தமாக அள்ளிச் சென்றுவிட்டால்? பிரான்ஸில் வின்சி கம்பெனிக்கு அது நடந்தது. வக்கீல் கடிதங்களும் சேர்ந்து போயின. 2015-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், கம்பெனி குறிப்பிட்டுக் காட்டிய ஆவணங்களை நீதிபதி உண்மையாகவே எடுத்துப் பார்த்திருக்க வேண்டும், பொதுப்படையாகச் சரி என்று சொல்லிவிட்டுப் போகக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

படி 6: காகிதம் வேறு, வாக்குமூலம் வேறு

"என் மீதே குற்றம் சாட்டும் காகிதத்தை நானே கொடுக்க வேண்டுமா?" ஆம், பெரும்பாலும். ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைக் கேட்கலாம், அது உங்களுக்கு எதிராகப் போனாலும். கேட்க முடியாதது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பதில். ஐரோப்பாவில் 1989-ல் ஆர்க்கெம் வழக்கு இந்தக் கோட்டைப் போட்டது. ஆகவே "2020 மார்ச் 4 கூட்டத்தின் குறிப்பைத் தரவும்" என்றால் தர வேண்டும். "அந்தக் கூட்டத்தில் விலையை உயர்த்த எப்படி ஒப்புக்கொண்டீர்கள்?" என்றால், கேள்வியிலேயே பதில் திணித்திருக்கிறது என்று எழுதி மறுக்கலாம். கூட்டம் நடந்ததா, யார் வந்தார்கள் என்பதற்குப் பதில் சொல்லத்தான் வேண்டும்.

படி 7: வியாபார ரகசியம், வெளிநாட்டு சர்வர்

வியாபார ரகசியம் என்பது கொடுக்காமலிருக்கக் காரணம் அல்ல. கொடுத்ததைப் போட்டியாளர் கண்ணில் படாமல் வைக்கக் கேட்பதற்குக் காரணம். முழுப் பிரதி ஒன்று, மறைத்த பிரதி ஒன்று என்று தயாரித்து, மறைத்த இடம் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிக் காரணம் சேருங்கள்.

வெளிநாட்டில் உள்ள ஆவணம் இன்னும் புகையும் பிரச்சினை. பழைய வாகனங்களை மறுசுழற்சி செய்வது தொடர்பான விசாரணையில், ஜெர்மனியில் உள்ள பிஎம்டபிள்யூ தாய்க் கம்பெனியின் ஆவணத்தைப் பிரிட்டன் ஆணையம் கேட்டது. கொடுக்காததால் 30,000 பவுண்டும், நாளுக்கு 15,000 பவுண்டும் அபராதம். 2023-ல் தீர்ப்பாயம் கம்பெனி பக்கம். 2024 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் திருப்பிப் போட்டு, வெளிநாட்டிலிருந்தும் கேட்கலாம் என்றது. எதிர்ப்பக்கம், பிரான்ஸின் 1968 ஜூலைச் சட்டம் உரிய வழி இல்லாமல் வெளிநாட்டு விசாரணைக்கு ஆவணம் கொடுப்பதையே குற்றமாக்குகிறது. இரண்டு சட்டத்துக்கு நடுவே மாட்டினால் உடனே இரு பக்கமும் எழுதுங்கள். கெடு முடியும் நாளில் வெளிநாட்டுச் சட்டத்தை நினைவுகூர்ந்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

படி 8: நீதிமன்றம் போவதா?

அரிதாகத்தான். போவதென்றால் கெடுவுக்குள். அமெரிக்க நீதித் துறையின் கோரிக்கையை மாற்றவோ ரத்து செய்யவோ, கையில் கிடைத்த 20 நாளுக்குள் அல்லது ஆவணம் தர வேண்டிய நாளுக்குள், எது முன்னதோ அதற்குள் மனு போட வேண்டும். பேச்சு நடக்கிறதே என்று இருந்துவிட்டு நாளைத் தவறவிடுவது அடிக்கடி நடப்பது. கெடு நீட்டிப்பையும் எழுத்தில் வாங்குங்கள். அது நீதிமன்றக் கெடுவையும் நீட்டுகிறதா என்று தனியாகக் கேளுங்கள். ஐரோப்பாவில் வழக்குப் போட்டதால் மட்டும் உத்தரவு நிற்காது. இடைக்காலத் தடை தனியாகக் கேட்க வேண்டும்.

வெல்லக்கூடிய வழக்குக்கு ஒரு மாதிரி: கனடாவின் லபாட் மதுபானக் கம்பெனி. இரு கம்பெனிகளின் இணைப்பு ஒன்றை விசாரித்த ஆணையர், எதிர்த் தரப்பு இல்லாமல் நீதிபதியிடம் உத்தரவு வாங்கினார். கம்பெனிகள் முன்பே கொடுத்த தகவலோடு புதிதாகக் கேட்டது எவ்வளவு ஒத்துப்போகிறது என்பது நீதிபதிக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. 2008-ல் உத்தரவு ரத்தாயிற்று. ஏற்கெனவே கொடுத்ததற்கு ரசீது வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பலன் அது.

படி 9: கிணறு வெட்டப் பூதம் கிளம்பினால்

ஒன்றைத் தேடி வந்து வேறொன்றைக் கண்டுபிடித்தால்? தற்செயலாகக் கண்டதை வைத்துப் புது விசாரணை தொடங்கலாம் என்று 1989-ல் டவ் பெனெலக்ஸ் வழக்கு சொன்னது. இந்தியாவில் எக்செல் கிராப் கேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017-ல், புகாரில் இல்லாத ஏலம் விசாரணையில் தெரியவந்தால் அதையும் தலைமை இயக்குநர் பார்க்கலாம் என்றது. ஆனால் தற்செயல் உண்மையான தற்செயலாக இருக்க வேண்டும். டாய்ச் பான் ரயில் கம்பெனியில் சோதனைக்குப் போகும் முன்பே, அதன் துணை நிறுவனம் ஒன்றின் மீது இருந்த வேறொரு சந்தேகத்தை அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். உத்தரவில் அது இல்லை. 2015-ல், முதல் உத்தரவுக்குப் பின் வந்த இரண்டாம், மூன்றாம் சோதனை உத்தரவுகள் விழுந்தன. உங்களிடம் வருபவர்கள் உத்தரவில் இல்லாத அலமாரியைத் திறந்தால் தடுக்காதீர்கள். நேரம், அலமாரி, பெயர், கேட்ட கேள்வி எல்லாம் குறித்துக்கொண்டு, ஆட்சேபத்தை அங்கேயே எழுதிக் கொடுத்து முத்திரை வாங்குங்கள்.

படி 10: அனுப்புவதற்கு முன்

கொடுக்கும் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டு, அதே பிரதி ஒன்றைக் கம்பெனியில் வையுங்கள். மேல் கடிதத்தில் எந்த வரிக்கு முழுதாகத் தருகிறோம், எதற்குப் பாதி, எது இல்லவே இல்லை, எதை எந்த அடிப்படையில் நிறுத்தியிருக்கிறோம் என்று எழுதுங்கள். நிறுத்தியதைச் சொல்லாமல் விடுவது மறைப்பு; சொல்லிவிட்டு நிறுத்துவது வாதம். தெரியாததைத் தெரியாது என்று எழுதுங்கள், யூகித்து நிரப்ப வேண்டாம். வாட்ஸ்அப்பை வாங்கும்போது இரண்டு சேவைகளின் பயனர் கணக்குகளையும் தானாக இணைக்க முடியாது என்று 2014-ல் ஃபேஸ்புக் சொன்ன பதிலுக்கு, 2017-ல் வந்த அபராதம் 11 கோடி யூரோ. கையெழுத்துப் போடுபவர், தேடியவர்களிடம் எங்கே தேடினீர்கள், எந்தச் சொல் போட்டீர்கள், பழைய போன் இருக்கும் டிராயரைப் பார்த்தீர்களா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.